வைரம் பட்டை தீட்டல்

வைரம் பட்டை தீட்டல் என்பது சுரங்கத்திலிருந்து எடுக்கப்படும் கச்சா வைரத்தைப் பிளந்தும், அறுத்தும், உருட்டியும், தேய்த்தும் ஒளிரும் அணிகலக் கல்லாக மாற்றும் தொழில் ஆகும். கச்சா வைரம் பெரும்பாலும் மங்கிய கண்ணாடித் துண்டு போலவோ படிகாரக் கட்டி போலவோ தோற்றமளிக்கும். அதன் மேற்பரப்பில் சரியான கோணங்களில் சமதளங்கள் அமைக்கப்பட்ட பின்னரே அது வைரத்திற்குரிய ஒளியைக் காட்டுகிறது. இச்சமதளங்கள் பட்டைகள் எனப்படுகின்றன. தேர்ச்சி பெற்ற ஒருவரைப் "பட்டை தீட்டிய வைரம்" என்று தமிழில் வழங்கும் மரபு இத்தொழிலிலிருந்து வந்ததாகும்.

பட்டை தீட்டும்போது கச்சா வைரத்தின் எடையில் சராசரியாகப் பாதியோ அதற்கு மேலோ குறைந்துவிடுகிறது. இழந்த எடையை மீண்டும் பெற இயலாது. தவறான ஓர் அறுப்பையும் திருத்த இயலாது. ஆகவே எவ்வளவு எடையை இழந்து எவ்வளவு ஒளியைப் பெறுவது என்பதே இத்தொழிலின் ஒவ்வொரு படியிலும் எழும் அடிப்படைக் கேள்வி ஆகும்.

வைரத்தின் இயல்புகள்

வைரம் கரிமத்தின் ஒரு புறவேற்றுமை வடிவம். இதில் ஒவ்வொரு கரிம அணுவும் அண்டையிலுள்ள நான்கு கரிம அணுக்களுடன் வலுவாகப் பிணைக்கப்பட்டுள்ளது. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் இதன் மதிப்பு 10. இயற்கையில் கிடைக்கும் கனிமங்களில் மிகவும் கடினமானது இதுவே. இக்காரணத்தால் வைரத்தை வைரத்தூளைக் கொண்டே தேய்க்க வேண்டியுள்ளது.

வைரத்தின் கடினத்தன்மை எல்லாத் திசைகளிலும் ஒரே அளவினதாக இல்லை. வைரப் படிகங்கள் பெரும்பாலும் எண்முகி வடிவில், அதாவது அடிப்புறம் ஒட்டிய இரண்டு கூம்பகங்களைப் போல அமைகின்றன. எண்முகியின் முகங்களுக்கு இணையான தளங்களில் தேய்ப்பது மிகவும் கடினம். வேறு சில தளங்களில், குறிப்பிட்ட திசைகளில் தேய்த்தால் கல் எளிதில் தேயும். மரத்திற்கு இழையோட்டம் இருப்பது போல வைரத்திற்கும் ஓர் ஓட்டம் உண்டு எனலாம். பட்டை தீட்டுவோர் இவ்வோட்டத்தைக் கண்டறிந்தே வேலை செய்கின்றனர். தேய்க்கப்படும் பரப்பில் அணுக்களின் ஒழுங்கமைவு குலைந்து மெல்லிய படிகமற்ற கரிமப் படலம் உருவாகிறது என்றும், அப்படலமே நீங்குகிறது என்றும், அது உருவாகும் வேகம் திசைக்குத் திசை வேறுபடுகிறது என்றும் 2011 ஆம் ஆண்டில் வெளியான செருமானிய ஆய்வு ஒன்று விளக்கியது. பல நூற்றாண்டுகளாகக் கைப்பழக்கத்தால் மட்டும் அறியப்பட்டிருந்த செய்திக்கு இவ்வாறு அணு அளவிலான விளக்கம் கிடைத்தது.

கடினமான பொருளாக இருப்பினும் வைரம் உடையாத பொருள் அன்று. எண்முகியின் முகங்களுக்கு இணையான நான்கு திசைகளில் வைரத்தை ஒரே அடியில் பிளந்துவிடலாம். இப்பண்பு பட்டை தீட்டுவோருக்கு உதவியாகவும் ஆபத்தாகவும் உள்ளது.

வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.42. இதன் மாறுநிலைக் கோணம் 24.4 பாகை மட்டுமே. வைரத்தின் உள்ளிருந்து வெளிவரும் ஒளிக்கதிர் இக்கோணத்தைவிட அதிகமான சாய்வில் பரப்பை அடைந்தால் வெளியேறாமல் முழுமையாக உள்ளேயே எதிரொளிக்கப்படும். மேலும் வெள்ளொளியை நிறங்களாகப் பிரிக்கும் திறனும் வைரத்திற்கு மிகுதி. பட்டைகளின் கோணங்கள் இவ்விரு பண்புகளையும் பயன்படுத்துமாறு அமைக்கப்படுகின்றன.

சுரங்கத்திலிருந்து பட்டறை வரை

வைரங்கள் பூமியின் மூடகத்தில், பெரும்பாலும் 150 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உருவானவை. கிம்பர்லைட்டு எனப்படும் எரிமலைப் பாறைக் குழாய்கள் வழியாக இவை மேற்பரப்பை அடைந்தன. பல சுரங்கங்களில் ஒரு தொன் பாறையை உடைத்தால் ஒரு காரட் அளவிலான வைரமே கிடைக்கிறது. ஒரு காரட் என்பது 0.2 கிராம் ஆகும்.

உடைக்கப்பட்ட பாறையிலிருந்து அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு கனமான கற்கள் முதலில் பிரிக்கப்படுகின்றன. பின்னர் வைரங்கள் தனியே எடுக்கப்படுகின்றன. வைரத்தில் நீர் ஒட்டாது, கொழுப்பு ஒட்டும். எனவே முற்காலத்தில் கொழுப்புப் பூசிய பலகைகளின் மீது கற்களை நீருடன் ஓடவிட்டு வைரங்களைப் பிடித்தனர். பிற்காலத்தில் எக்சு-கதிர் பட்டவுடன் வைரம் ஒளிரும் பண்பு இதற்குப் பயன்பட்டது. பாறையை உடைக்கும்போது பெரிய வைரங்களும் உடைந்துபோவது நீண்ட காலமாக இருந்துவந்த சிக்கல் ஆகும். எக்சு-கதிர் கடத்தலைக் கொண்டு, நொறுக்குவதற்கு முன்பே பெரிய கற்களை இனங்காணும் கருவிகள் 2010களில் பயன்பாட்டுக்கு வந்தன. போட்சுவானாவின் கரோவே சுரங்கத்தில் 2015 இல் 1,109 காரட் எடையுள்ள கல்லும், 2024 இல் 2,488 காரட் எடையுள்ள கல்லும் உடையாமல் கிடைத்தமைக்கு இக்கருவிகள் துணைநின்றன.

எடுக்கப்பட்ட வைரங்கள் அமிலங்களில் தூய்மை செய்யப்பட்டு வடிவம், அளவு, நிறம், தெளிவு ஆகியவற்றின் அடிப்படையில் வகைப்படுத்தப்படுகின்றன. அணிகலனுக்கு உதவாத கற்கள் அறுக்கும், துளையிடும் கருவிகளுக்கும் தேய்ப்புத் தூளுக்கும் செல்கின்றன. எஞ்சியவை விற்கப்பட்டுப் பட்டறைகளை அடைகின்றன.

செயல்முறை

திட்டமிடல்

முதல் வேலை கல்லைப் படிப்பது ஆகும். கல்லினுள் இருக்கும் விரிசல்கள், கரும்புள்ளிகள், பிற கனிமத் துகள்கள் ஆகியவற்றின் இடமும் படிகத்தின் ஓட்டமும் கண்டறியப்படுகின்றன. கல்லின் மேற்பரப்பு மங்கலாக இருந்தால் அதில் ஒரு சிறு சாளரம் தேய்த்து அதன் வழியாக உட்புறத்தைப் பார்ப்பர். பின்னர் எந்த இடத்தில் பிரிக்க வேண்டும் என்பது கல்லின் மீது மையால் குறிக்கப்படுகிறது.

ஒழுங்கான எண்முகி ஒன்றை நடுவிற்குச் சற்று விலகி அறுத்தால் பெரியதும் சிறியதுமாக இரண்டு வட்டக் கற்கள் கிடைக்கும். 2 காரட் எண்முகியிலிருந்து கிடைக்கும் இவ்விரு கற்களின் மொத்த எடை ஏறத்தாழ 1 காரட்டாக இருக்கும். ஒழுங்கற்ற கற்களில் இழப்பு இன்னும் அதிகம். அவற்றிற்கு நீள்வட்டம், பேரிக்காய், இதயம் முதலிய வடிவங்களைத் தேர்ந்தெடுத்து இழப்பைக் குறைக்க முயல்வர்.

2000களிலிருந்து கல்லின் உருவத்தை முப்பரிமாணத்தில் வருடிக் கணினியில் பதிவு செய்யும் கருவிகள் பரவலாயின. உட்குறைகளின் இடத்தைப் பதியும் கருவிகளும் பின்னர் வந்தன. ஒரே கல்லிலிருந்து பெறக்கூடிய பல வடிவங்களையும் அவற்றின் விலை மதிப்பையும் கணினி ஒப்பிட்டுக் காட்டுகிறது. ஆயினும் பெரிய கற்களில் இறுதி முடிவை மனிதரே எடுக்கின்றனர். அதற்கு மாதக்கணக்கில் காலம் ஆவதும் உண்டு.

பிளத்தல்

பிளத்தல் மிகப் பழைய முறை ஆகும். கல்லை ஒரு தண்டில் ஒட்டி, வேறொரு வைரத்தின் கூர்முனையால் அதில் சிறு வெட்டுவாய் கீறப்படுகிறது. அவ்வாயில் கூர்மையற்ற எஃகுத் தகடு ஒன்றை வைத்து மேலே தட்டினால் கல் இரண்டாகப் பிரியும். திசை சற்றே பிசகினாலும் கல் நொறுங்கிவிடக்கூடும். அறுக்கும் முறைகள் வளர்ந்த பிறகு பிளத்தல் அரிதாகிவிட்டது.

அறுத்தல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயந்திர வாள் பயன்பாட்டுக்கு வந்தது. இது தாளைப் போன்று மெல்லிய வெண்கல வட்டத்தகடு. இதன் விளிம்பில் எண்ணெயில் குழைத்த வைரத்தூள் பூசப்படும். வேகமாகச் சுழலும் இத்தகட்டின் மீது கல் தன் எடையாலேயே அழுந்தி மெல்ல அறுபடும். ஒரு காரட் அளவிலான கல்லை அறுக்கவும் சில மணி நேரம் தேவைப்படும். பிளக்க இயலாத திசைகளில் கல்லைப் பிரிக்க இவ்வாள் வழிசெய்தது. எண்முகியிலிருந்து குறைந்த இழப்பில் இரண்டு கற்களைப் பெறுவதும் இதனால் எளிதாயிற்று.

இன்று பெரும்பாலும் சீரொளிக் கதிர் (லேசர்) கொண்டே அறுக்கின்றனர். இது எந்தத் திசையிலும் வெட்டும். கல்லின் ஓட்டத்தைப் பொருட்படுத்தாது. வெட்டுத்தடத்தில் கரிந்து படியும் கரியைப் பின்னர் நீக்க வேண்டும்.

உருட்டல்

பிரிக்கப்பட்ட கல்லுக்கு வட்டமான புறவடிவம் தருவது உருட்டல் எனப்படுகிறது. கடைசல் பொறி போன்ற ஒன்றில் கல்லைப் பொருத்திச் சுழலவிட்டு, மற்றொரு வைரத்தை அதன் மீது அழுத்தித் தேய்ப்பர். இதனால் உருவாகும் வட்ட விளிம்பு கல்லின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் பிரிக்கும் இடைவிளிம்பாக அமைகிறது. அவசரமாக உருட்டினால் இவ்விளிம்பிலிருந்து மயிரிழை போன்ற விரிசல்கள் உள்நோக்கிப் பரவும்.

தீட்டல்

பட்டைகளை அமைத்து மெருகூட்டுவதே இறுதிக்கட்டம். வைரத்தூளும் எண்ணெயும் பூசப்பட்ட வார்ப்பிரும்புச் சாணைத்தட்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,000 முறை சுழல்கிறது. கல் ஒரு பிடியில் இறுக்கப்பட்டு, விரும்பிய கோணத்தில் தட்டின் மீது வைக்கப்படுகிறது. தொழிலாளர் அடிக்கடி கல்லை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, கோணத்தைத் திருத்தி மீண்டும் வைக்கின்றனர். ஓட்டத்திற்கு எதிரான திசையில் வைத்தால் கல் தேயாது. தட்டில் வடு விழும். அழுத்தம் மிகுந்தால் பரப்பு சூடேறிக் கருகும்.

மிகவும் பரவலான வட்ட ஒளிர்வெட்டில் 57 பட்டைகள் உள்ளன. முதலில் மேலே உள்ள பெரிய மேசைப்பட்டையும், மேற்பகுதியில் 8 பட்டைகளும், கீழ்ப்பகுதியில் 8 பட்டைகளும் ஆக 17 பட்டைகள் அமைக்கப்படுகின்றன. இவையே கல்லின் ஒளியைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அடுத்து 40 சிறு பட்டைகள் சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் 24 மேற்பகுதியிலும் 16 கீழ்ப்பகுதியிலும் அமையும். கீழ்முனை உடையாதிருக்க அங்கு மிகச் சிறிய பட்டை ஒன்று வைக்கப்பட்டால் எண்ணிக்கை 58 ஆகும்.

முடிந்த கல் அமிலத்தில் கழுவப்பட்டு, பின்னர் எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகிய நான்கின் அடிப்படையில் மதிப்பிடப்படுகிறது. இவற்றுள் நிறமும் தெளிவும் பெரும்பாலும் இயற்கையில் அமைந்தவை. வெட்டு மட்டும் முழுமையாக மனிதரின் செயல்.

எடையும் ஒளியும்

மேசைப்பட்டை வழியாக உள்ளே நுழையும் ஒளி, கீழ்ப்பகுதியின் ஒரு பக்கத்தில் பட்டு எதிர்ப்பக்கத்திற்குத் திரும்பி, அங்கிருந்து மீண்டும் மேல்நோக்கி வெளியேற வேண்டும். அவ்வாறு நிகழ்வது கீழ்ப்பகுதியின் சாய்வைப் பொறுத்தது. சாய்வு மிகக் குறைந்து கல் தட்டையானால் இடைவிளிம்பின் சாயல் மேசைப்பட்டையினுள் வளையமாகத் தெரியும். இது மீன்கண் எனப்படும். சாய்வு மிகுந்து கல் ஆழமானால் நடுவில் ஆணித்தலை போன்ற கருமை தோன்றும்.

பெல்ஜியத்தில் வைரத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்சுகி என்னும் பொறியாளர் 1919 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கணக்கை விளக்கினார். அவர் கண்ட அளவுகளின்படி கீழ்ப்பகுதியின் கோணம் 40.75 பாகை, மேற்பகுதியின் கோணம் 34.5 பாகை, மேசைப்பட்டையின் அகலம் கல்லின் விட்டத்தில் 53 விழுக்காடு. பின்வந்த ஆய்வுகள் சிறந்த கற்களுக்கு ஒரே ஓர் அளவு மட்டும் இல்லை என்று காட்டியுள்ளன. எனினும் அவருடைய அளவுகள் இன்றும் ஒப்பீட்டு அடிப்படையாக உள்ளன. அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் வட்டக் கற்களின் வெட்டைத் தரப்படுத்தும் முறையை 2006 இல் நடைமுறைப்படுத்தியது.

இச்சிறந்த அளவுகளை எட்டுவதற்கு எடையை இழக்க வேண்டும். வைரத்தின் விலையோ எடையைப் பொறுத்துப் படிப்படியாக உயர்கிறது. ஒரு காரட்டை எட்டிய கல்லின் விலை, அதற்குச் சற்றுக் குறைந்த கல்லின் விலையைவிடக் காரட் ஒன்றுக்கு மிகவும் அதிகம். இதனால் இடைவிளிம்பைத் தடிப்பாகவும் கீழ்ப்பகுதியை ஆழமாகவும் விட்டு எடையை ஒரு காரட்டுக்கு மேல் நிறுத்திக்கொள்வது வணிகத்தில் காணப்படும் வழக்கம் ஆகும். இத்தகைய கல், நன்கு வெட்டப்பட்ட 0.9 காரட் கல்லைவிடக் கனமாக இருப்பினும் மேலிருந்து பார்க்கும்போது அதைவிடப் பெரிதாகத் தோன்றாது. ஒளியும் குறைவாகவே இருக்கும். எனவே ஒரு கல்லின் எடையை மட்டும் கொண்டு அதன் மதிப்பை அறிய இயலாது.

வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை உலகிற்கு வைரம் வழங்கிய முதன்மை நாடு இந்தியா ஆகும். கிருட்டிணை ஆற்றுப் பகுதியில் கிடைத்த கற்கள் கோல்கொண்டாவில் விற்கப்பட்டன. வைரம் உள்ளிட்ட மணிகளின் குற்றங்களைப் பிரித்தறியும் அறிவு தமிழகத்திலும் பழங்காலந்தொட்டு இருந்தது. மதுரையின் மணிக்கடைத் தெருவில் குற்றம் நீங்கிய வைரங்கள் விற்கப்பட்டதைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை கூறுகிறது.

இந்தியாவில் கல்லின் பருமனைக் காப்பதற்கே முதலிடம் தரப்பட்டது. குறைகளை மறைக்கும் வகையில் சிறு பட்டைகள் இடப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த பிரெஞ்சு மணி வணிகர் ழான்-பப்டிசுட்டு தவெர்னியே இவ்வழக்கத்தைக் குறிப்பிட்டுள்ளார்.

ஐரோப்பாவில் தொடக்கத்தில் எண்முகியின் முகங்களை மெருகிட்டு முனையுடன் அப்படியே பதித்தனர். பின்னர் மேல்முனையைத் தேய்த்துத் தட்டையாக்கும் மேசைவெட்டும், அடி தட்டையாகவும் மேல் குவிந்தும் அமைந்த ரோசா வெட்டும் வழக்கிற்கு வந்தன. வைரத்தூள் பூசிய சாணைத்தட்டைப் பதினைந்தாம் நூற்றாண்டில் புரூச்சு நகரத்து லோடவைக் வான் பெர்க்கன் கண்டுபிடித்தார் என்பது மரபுவழிச் செய்தி. வரலாற்றாசிரியர்கள் பலர் இதனை ஐயுறுகின்றனர்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆம்சுட்டர்டாம் இத்தொழிலின் மையமாக வளர்ந்தது. பிற தொழில்களின் குழாம்களில் சேர இயலாதிருந்த யூதர்கள் இதில் பெருமளவில் ஈடுபட்டனர். 1894 ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட வைரத் தொழிலாளர் சங்கம், 1911 இல் எட்டு மணி நேர வேலைநாளைப் பெற்று நெதர்லாந்தின் பிற தொழிலாளர்களுக்கு முன்னோடியாக விளங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நாட்சிகள் அந்நகர யூதர்களில் பெரும்பாலோரை நாடுகடத்திக் கொன்றனர். அவர்களுடன் பல தலைமுறைகளின் கைத்திறனும் அழிந்தது. போருக்குப் பின் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பும் இசுரேலும் முதன்மை பெற்றன.

புகழ்பெற்ற கற்கள்

கோகினூர் வைரம் 1851 இல் இலண்டன் பெருங்காட்சியில் வைக்கப்பட்டபோது அதன் இந்திய வெட்டு போதிய ஒளி தரவில்லை என்று பார்வையாளர்கள் ஏமாற்றமடைந்தனர். 1852 இல் ஆம்சுட்டர்டாமிலிருந்து வந்த தொழிலாளர்கள் அதனை மீண்டும் பட்டை தீட்டினர். வேலை 38 நாட்கள் நடைபெற்றது. ஏறத்தாழ 191 காரட்டாக இருந்த கல் 105.6 காரட்டாகக் குறைந்தது. ஒளி கூடியது. ஆனால் 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட எடையும் பழைய இந்திய வடிவமும் நிலையாக மறைந்தன.

கல்லினன் வைரம் 1905 ஆம் ஆண்டு சனவரி 26 அன்று தென்னாப்பிரிக்காவில் கண்டெடுக்கப்பட்டது. இதன் எடை ஏறத்தாழ 3,106 காரட், அதாவது 621 கிராம். 1908 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆம்சுட்டர்டாமில் யோசெப் ஆசர் இதனைப் பிளந்தார். முதல் அடியில் உடைந்தது கல் அன்று, எஃகுத் தகடே. கல் பிளந்ததும் அவர் மயங்கி விழுந்தார் என்னும் கதை பரவியிருப்பினும் அவருடைய குடும்பத்தார் அதனை மறுத்தனர். இக்கல்லிலிருந்து 9 பெரிய கற்களும் 96 சிறிய கற்களும் பெறப்பட்டன. அனைத்தின் எடையையும் கூட்டினாலும் மூலக்கல்லில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தேறியது. 530 காரட் எடையுள்ள முதற்கல் பிரித்தானிய அரச செங்கோலில் பதிக்கப்பட்டுள்ளது.

லெசெடி லா ரோனா என்பது 2015 இல் கரோவே சுரங்கத்தில் கிடைத்த 1,109 காரட் கல்லின் பெயர். சுவானா மொழியில் இது "நமது ஒளி" எனப் பொருள்படும். 2016 இல் நடந்த ஏலத்தில் இது விலைபோகவில்லை. உள்ளே என்ன குறை உள்ளது என்று தெரியாத ஒரு கல்லுக்குப் பெருந்தொகை கொடுக்கும் துணிவு எளிதில் வருவதில்லை. 2017 இல் கிராஃப் நிறுவனம் 53 மில்லியன் அமெரிக்க டாலருக்கு இதனை வாங்கியது. 2019 இல் இதிலிருந்து 302.37 காரட் எடையுள்ள சதுர மரகத வெட்டுக் கல்லும் மேலும் 66 சிறு கற்களும் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

தொழில் மையங்கள்

இந்தியா

குசராத்து மாநிலத்தின் சூரத்து நகரம் இன்று உலகின் மிகப்பெரிய வைரப் பட்டறை மையம் ஆகும். உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில், எண்ணிக்கை அடிப்படையில், பத்தில் ஒன்பது இந்தியாவில் தீட்டப்படுவதாகக் கணிக்கப்படுகிறது. மேலை நாடுகளில் கூலி மிகுதியாக இருந்ததால் மிகச் சிறிய கற்களைத் தீட்டுவது அங்கு கட்டுப்படியாகவில்லை. 1980களில் மேற்கு ஆத்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் பெருமளவில் சிறு கற்களையும் பழுப்புக் கற்களையும் வழங்கத் தொடங்கியபோது சூரத்து அவற்றை ஏற்றுக்கொண்டு விரைவாக வளர்ந்தது. அச்சுரங்கம் 2020 இல் மூடப்பட்டது. அதற்குள் சூரத்து பெரிய கற்களையும் தீட்டும் திறனைப் பெற்றுவிட்டது.

இங்குள்ள தொழிலாளர்கள் இரத்தினக் கலைஞர் எனப் பொருள்படும் குசராத்திச் சொல்லால் அழைக்கப்படுகின்றனர். இவர்களில் பலர் சௌராட்டிரப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். பலருக்குத் தீட்டிய கற்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே கூலி கிடைக்கிறது. எனவே அமெரிக்காவிலோ சீனாவிலோ நகை விற்பனை குறைந்தால் அதன் விளைவு நேரடியாக இவர்களைத் தாக்குகிறது. 2008 இல் ஏற்பட்ட உலகப் பொருளாதார நெருக்கடியின்போது பல்லாயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2022 இற்குப் பின் தேவை மீண்டும் சரிந்தது. தொழிலாளர் தற்கொலைகள் நிகழ்ந்ததை அடுத்து 2024 இல் தொழிலாளர் சங்கம் ஒன்று உதவித் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியும் அதன் சுற்றுப்புற ஊர்களும் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுவதற்குப் பெயர்பெற்றவை. இங்குத் தீட்டப்படுபவை வைரத்தைப் போன்று தோன்றும் வேறு பொருட்களாலான கற்கள். கரிமத்தாலான வைரம் அன்று.

போட்சுவானா

மதிப்பின் அடிப்படையில் வைர உற்பத்தியில் முன்னணியில் உள்ள நாடுகளுள் போட்சுவானா ஒன்று. விடுதலை பெற்ற 1966 இல் மிக வறிய நாடாக இருந்த போட்சுவானா, வைர வருவாயைக் கொண்டு பள்ளிகளையும் சாலைகளையும் அமைத்தது. ஆயினும் கச்சா வைரம் நீண்ட காலம் வெளிநாட்டிற்கே அனுப்பப்பட்டது. பட்டை தீட்டல், நகை செய்தல், விற்பனை ஆகிய படிகளில் கூடும் மதிப்பு பிற நாடுகளைச் சேர்ந்தது. இதனை மாற்ற அந்நாட்டு அரசு உள்நாட்டில் பட்டறைகள் அமைக்க நிறுவனங்களை வலியுறுத்தியது. 2013 இல் டி பீர்சு நிறுவனம் தன் கச்சா வைர விற்பனையை இலண்டனிலிருந்து காபரோனிக்கு மாற்றியது. இருப்பினும் இந்தியாவை ஒப்பிடுகையில் இங்குக் கூலிச் செலவு மிகுதி. ஆகவே பெரிய, விலை உயர்ந்த கற்களைத் தீட்டுவதே இங்குக் கட்டுப்படியாகிறது.

கனடா

கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியில் எக்காட்டி சுரங்கம் 1998 இலும் டயாவிக் சுரங்கம் 2003 இலும் உற்பத்தியைத் தொடங்கின. அங்குள்ள யெல்லோநைப் நகரில் பட்டறைகள் திறக்கப்பட்டு, கச்சா வைரத்தின் ஒரு பகுதி அவற்றிற்கு ஒதுக்கப்பட்டது. கூலி மிகுதியாலும் தேர்ந்த தொழிலாளர் பற்றாக்குறையாலும் பெரும்பாலான பட்டறைகள் 2000களின் இறுதிக்குள் மூடப்பட்டன. சுரங்கம் இருக்கும் இடத்திலேயே பட்டறையும் நிலைக்கும் என்று கூற இயலாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு ஆகும்.

தொழிலாளர் உடல்நலம்

பட்டை தீட்டுவோர் நாள் முழுவதும் குனிந்து நுண்ணிய பரப்புகளை உற்றுநோக்குவதால் கண்களும் கழுத்தும் களைப்படைகின்றன. நுண்தூளைச் சுவாசிப்பதும் தீங்கானது. 1980களில் பெல்ஜியத்தில் வைரம் தீட்டுவோரிடையே கடுமையான நுரையீரல் நோய் கண்டறியப்பட்டது. அவர்கள் பயன்படுத்திய புதுவகைச் சாணைத்தட்டுகளில் வைரத்தூளைப் பிணைக்கச் சேர்க்கப்பட்ட கோபால்ட்டுத் தூளே அதற்குக் காரணம் என்று மருத்துவர்கள் கண்டனர். தூசியை உறிஞ்சும் அமைப்பும் நல்ல காற்றோட்டமும் இத்தீங்கைக் குறைக்கும்.

மூலமறிதல்

ஆப்பிரிக்க உள்நாட்டுப் போர்களில் கிளர்ச்சிக் குழுக்கள் வைர விற்பனையால் ஆயுதம் வாங்கியதைத் தடுக்க, 2003 இல் கிம்பர்லி சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. இம்முறை கச்சா வைரத்திற்கு மட்டுமே பொருந்தும். பட்டை தீட்டும்போது கல்லின் புறவடிவம் முழுமையாக மறைந்துவிடுகிறது. பல சுரங்கங்களின் கற்கள் ஒரே பட்டறையில் கலக்கவும் செய்கின்றன. ஆகவே தீட்டி முடித்த கல்லைப் பார்த்து அது எந்த நாட்டைச் சேர்ந்தது என்று கூறுவது மிகவும் கடினம். 2024 இல் ஏழு தொழில்வள நாடுகள் உருசிய வைரங்களுக்கு விதித்த தடை, வேறு நாட்டில் தீட்டப்பட்ட உருசியக் கற்களையும் உள்ளடக்கியது. கச்சாக் கல்லை வருடிப் பெற்ற பதிவையும் தீட்டிய கல்லின் பதிவையும் இணைத்துக் காக்கும் முறைகள் இதனால் முதன்மை பெற்றுள்ளன.

ஆய்வக வைரங்கள்

உயர் அழுத்த உயர் வெப்ப முறையிலும் வேதி ஆவிப் படிவு முறையிலும் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரங்கள் இயற்கை வைரங்களைப் போன்ற கரிமப் படிகங்களே. அவையும் இதே கருவிகளால், இதே கோணங்களில் பட்டை தீட்டப்படுகின்றன. 2010களின் பிற்பகுதியிலிருந்து அவற்றின் உற்பத்தி பெருகி விலை வேகமாகச் சரிந்தது. சூரத்தின் பட்டறைகள் பல இரு வகைக் கற்களையும் தீட்டுகின்றன. மூலக்கல் மலிவானால் எடையைக் காக்க வேண்டிய தேவை குறைகிறது. சிறந்த கோணங்களுக்காகக் கூடுதலாகத் தேய்ப்பது எளிதாகிறது. ஆனால் கல்லின் விலையுடன் தீட்டும் கூலியும் குறைவது தொழிலாளருக்கு இழப்பாக அமைகிறது.